குறை உங்கள் குரலில் இல்லை... ஹாலில் இருக்கிறது!

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஓர் அக்கா இருக்கிறார். மார்கழி பஜனையில் அவர் பாட ஆரம்பித்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் அமைதியாகிவிடுவார்கள். ``ஒரு கவர் சாங் பாடி யூடியூப்ல போடுங்களேன்க்கா'' என்று ஆளாளுக்குச் சொல்ல, மகனிடம் கேட்டு ஆன்லைனில் ஒரு கண்டன்சர் மைக் வாங்கினார். டிவியில் கரோக்கியை ஓடவிட்டு, ஹாலில் உட்கார்ந்து பாடினார். பதிவைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. ``என் குரல் இவ்வளவு மோசமாவா இருக்கு?'' என்றவர், மைக்கைப் பெட்டியோடு பீரோ மேல் வைத்துவிட்டார்.

மோசமாக இருந்தது அவர் குரல் அல்ல. அவர் பாடிய ஹால். வீட்டில் தனியாகப் பாடிப் பதிவு செய்ய நினைக்கும் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முதலில் அறை... அப்புறம்தான் மைக்!

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என எல்லாவற்றிலும் குரல் மோதித் திரும்பி வரும். நம் காது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மைக் அப்படியல்ல, எல்லாவற்றையும் பதிந்துவிடும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். `கிண்' என்று ஒலி நீண்டால், அந்த அறை வேண்டாம். மெத்தை, தலையணை, கனமான திரைச்சீலை இருக்கும் படுக்கையறையே நல்லது. துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி பாடலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி இன்னும் குறையும்.

ஃபேன், ஏ.சி. இரண்டையும் நிறுத்திவிடுங்கள். குக்கர் விசில், காய்கறி வண்டி ஸ்பீக்கர், பள்ளி வேன் ஹாரன் எதுவும் இல்லாத நேரம் உங்கள் தெருவில் எது என்று உங்களுக்கே தெரியும்.

எந்த மைக் வாங்கலாம்?

டைனமிக், கண்டன்சர் என்று இரண்டு வகை முக்கியமானவை. கண்டன்சர் மைக் நுணுக்கமானது. மூச்சின் மென்மையைக்கூடப் பிடிக்கும். கூடவே பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தையும் பிடிக்கும். அமைதியான அறை இருப்பவர்களுக்கு அது சரி. டைனமிக் மைக், வாய்க்கு அருகில் இருக்கும் ஒலியையே பிரதானமாக எடுக்கும். மெயின் ரோட்டு வீட்டுக்கு இதுவே பொருத்தம். `டைனமிக் என்றால் மேடைக்கு மட்டும்தானே' என்று நினைக்க வேண்டாம். 1982-ல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் `த்ரில்லர்' ஆல்பத்தில் அவர் குரலைப் பதிவு செய்யப் பயன்பட்ட ஷ்யூர் எஸ்எம்7, ஒரு டைனமிக் மைக்தான்.

அடுத்தது இணைப்பு. யூஎஸ்பி மைக்கை நேராக லேப்டாப்பில் செருகலாம். ஆரம்பிப்பவர்களுக்கு இது போதும். எக்ஸ்எல்ஆர் மைக் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டியும் தேவைப்படும். கண்டன்சராக இருந்தால், அந்தப் பெட்டியில் 48 வோல்ட் பட்டனையும் போட வேண்டும்.

வாங்கும்போது `கார்டியாய்டு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க ஒலியை நன்றாக எடுத்து, பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும் வகை அது. நிற்கவைத்துப் பயன்படுத்தும் கண்டன்சர் மைக்குகள் பலவற்றில், பாட வேண்டியது உச்சியைப் பார்த்து அல்ல, பக்கவாட்டில். எந்தப் பக்கம் என்பதை மைக்குடன் வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் இல்லையா? கையில் இருக்கும் மொபைலே போதும். ஃப்ளைட் மோடில் போட்டு, ஸ்டாண்டிலோ புத்தக அடுக்கிலோ நிறுத்திப் பாடுங்கள்.

பாடும்போது...

கரோக்கியை ஸ்பீக்கரில் ஓடவிடக் கூடாது. அது குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. இயர்போனில் கேட்டுக்கொண்டே பாடுங்கள். புளூடூத் இயர்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் தப்பும். ஒயர் உள்ளதே நல்லது. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டால் சுருதி விலகுவது உடனே தெரியும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். உச்சஸ்தாயியில் கொஞ்சம் பின்னால் சாயலாம். உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்து `பப்பாளி' என்று சொல்லிப் பாருங்கள். கையில் மோதும் அந்தக் காற்றுதான் மைக்கில் `தொப்' என்று விழுகிறது. பாப் ஃபில்டர் வாங்கலாம். இல்லாவிட்டால் எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவில் வைக்கலாம்.

உரக்கப் பாடும் வரியிலும் அளவுக்கோடு சிவப்பைத் தொடக் கூடாது. முழுப் பாட்டையும் மூன்று முறை பாடிவிட்டு, நல்ல பகுதிகளை எடுத்துச் சேருங்கள். இதற்கு லேப்டாப்பில் ஆடாசிட்டி, மொபைலில் பேண்ட்லேப் என இலவச மென்பொருள்களே இருக்கின்றன.

ஒரு விஷயம்... கவர் பாடினாலும் பாட்டின் உரிமை வேறு ஒருவருடையது. கரோக்கி டிராக்குக்கும் தனி உரிமை உண்டு. யூடியூபில் உரிமைகோரல் வந்தால், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். சில நேரம் வீடியோவே முடக்கப்படலாம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைக் குறிப்பிடுவது மரியாதை. ஆனால், அது அனுமதி ஆகிவிடாது.

முதல் பதிவைக் கேட்கும்போது, `இது நானா?' என்று திடுக்கிடும். பாடும்போது நம் குரலை, காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் அதிர்வு வழியாகவும் கேட்கிறோம். பதிவில் அந்த அதிர்வு கிடையாது. அதனால்தான் குரல் மெலிந்து ஒலிக்கிறது. மற்றவர்கள் இத்தனை நாள் கேட்டு ரசித்தது அந்தக் குரலைத்தான்!

அந்த அக்காவின் மைக்கும் பீரோ மேலிருந்து இறங்கிவிட்டது. படுக்கையறை, ஒயர் இயர்போன், பின்னால் குளிர்காலப் போர்வை. மைக் அதே மைக், பாட்டும் அதே பாட்டு. இந்த முறை கேட்டு முடித்துவிட்டு, ``இன்னொரு தடவை போடு'' என்றார் மகனிடம்.