ஆசிரியரின் பிழைப்பும் அரசமைப்புச் சட்டமும்

கிள்ளானிலோ ஷா ஆலமிலோ ஓர் அரசாங்கத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர், கல்விச் சேவை ஆணையத்தால் நியமிக்கப்பட்ட கூட்டரசு ஊழியர் ஆவார். ஆகவே அவர்மீது எடுக்கப்படும் கட்டொழுங்கு நடவடிக்கை தலைமையாசிரியரின் அறையில் தொடங்கினாலும், கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே நடந்து முடிய வேண்டும். அச்சட்டத்தின் 135ஆம் பிரிவு, நியமன அதிகாரம் உடையவருக்குக் கீழ்ப்பட்ட எவரும் ஓர் ஊழியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்காமல் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்றும் விதிக்கிறது.

இவ்விரு தடைகளும் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை முதலில் காட்டியது, 1958இல் பணிநீக்கம் செய்யப்பட்ட காவல்துறை இன்ஸ்பெக்டர் ஒருவரின் வழக்காகும். அவரைக் கடுமையாகக் குறைகூறிய விசாரணைக் குழுவின் அறிக்கை, விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பளிக்க வேண்டிய அதிகாரியின் கையில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரோ அதன் ஒரு பக்கத்தைக்கூடக் கண்டதில்லை. தமக்கு எதிராகச் சொல்லப்பட்டது எதுவென்று அறியாதவர் அதற்கு மறுமொழி சொல்ல இயலாது என்பதாலும், பணிநீக்கம் செய்த காவல்துறை ஆணையருக்கு மெர்டேக்காவுக்குப் பின் அந்த அதிகாரம் இல்லை என்பதாலும், இலண்டன் பிரிவி கவுன்சில் 1962இல் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இன்று நடைமுறையில் உள்ள 1993ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள், எச்சரிக்கை முதல் பணிநீக்கம் வரை ஏழு வகைத் தண்டனைகளை வகுத்துள்ளன. பள்ளி அறைகளில் ‘துஞ்சோக் செபாப்’ என்று வழங்கும் காரணம் கோரும் கடிதம் வந்து சேர்ந்தாலே பலர் மனம் ஒடிந்துவிடுகின்றனர். ஆனால் பணிநீக்கமோ பதவியிறக்கமோ கருதப்படும்போது, குற்றச்சாட்டின் விவரங்களை எழுத்தில் பெறவும், 21 நாள்களுக்குள் எழுத்தில் பதிலளிக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. எந்த நாளில், எங்கே, என்ன செய்தார், அது எந்த விதியை மீறியது என்பன தெளிவாக இல்லாத கடிதம், பின்னாளில் நீதிமன்றத்தில் தாக்குப்பிடிப்பது கடினம்.

ஆசிரியர்களுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு 1996இல் வந்தது. பள்ளிப் பணியாளருக்குச் சேர வேண்டிய சில ஆயிரம் ரிங்கிட் தொடர்பான நம்பிக்கை மோசடிக் குற்றத்திற்காக, ஒரு தொடக்கப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் சிறைத் தண்டனையை நீக்கி, நன்னடத்தைப் பிணையில் அவரை விடுவித்தது. ஆயினும் கல்விச் சேவை ஆணையம் அவரைப் பணிநீக்கம் செய்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்குத் தனியாக வாய்ப்பளிக்க வேண்டியதில்லை என்ற விலக்கு 135ஆம் பிரிவிலேயே இருப்பதால், அவருக்கு வழியே இல்லை என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். நீதிபதி கோபால் ஸ்ரீராம் இடம்பெற்ற மேல்முறையீட்டு நீதிமன்றமோ, 5ஆம் பிரிவு காக்கும் ‘உயிர்’ என்ற சொல் பிழைப்பையும் உள்ளடக்கும் என்றும், தண்டனை தவற்றின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்றும் கருதி, பணிநீக்கத்தைப் பதவியிறக்கமாக மாற்றியது. தவற்றை மறைக்காமல், ஒரு குடும்பத்தின் சோற்றையும் மறக்காமல் எழுதப்பட்ட இத்தீர்ப்பை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். அந்த விரிந்த பொருளைக் கூட்டரசு நீதிமன்றம் 2002இல் ஏற்க மறுத்தது. 2009இல் அதே நீதிமன்றத்தில் அது மீண்டும் இடம்பெற்றது.

தனியார் பள்ளி ஆசிரியர் நியாயமின்றி நீக்கப்பட்டால், 60 நாள்களுக்குள் தொழிலுறவுத் துறையிடம் முறையிட்டுத் தொழிலியல் நீதிமன்றம் வரை செல்லலாம். அரசு ஆசிரியருக்கு அவ்வழி அடைபட்டிருப்பதால், அவர் உயர்நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கோர வேண்டும். அதாவது தாம் குற்றமற்றவர் என்று புதிதாக மெய்ப்பிக்காமல், முடிவெடுத்த விதம் சட்டப்படி தவறு என்று காட்ட வேண்டும். அதற்கும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அந்த மனு தாக்கலாக வேண்டும். பள்ளி விடுமுறை நாள்களும் அந்தக் கணக்கில் அடங்கும்.