‘கம்ப்யூட்டர் போயிடுச்சு!’ - பழைய ஜீப்பை விற்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

கல்லல் பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள் அதை அழகுக்கு நிறுத்திவைப்பதில்லை. உரமூட்டை, தண்ணீர் மோட்டார், தோப்பு வேலைக்கு ஆட்கள், திருவிழா வந்தால் பந்தல் சாமான் என்று எல்லாமே அதில்தான் போகும். (பொலிரோ, தார், ஸ்கார்பியோ என்று கம்பெனி எந்தப் பெயரில் விற்றாலும் ஊரில் அது ஜீப்தான்.) செம்மண் தடத்திலும் கண்மாய்க் கரையிலும் பதினைந்து வருடம் உழைத்த அப்படி ஒரு வண்டி, ஒருநாள் காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆக மறுக்கிறது. டீசல் இருக்கிறது. பேட்டரி புதுசு. ஃபில்டரும் மாற்றியாயிற்று. கடைசியில் தீர்ப்பு வருகிறது: ‘கம்ப்யூட்டர் போயிடுச்சு!’

இந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்தே பல நல்ல வண்டிகள் அடிமாட்டு விலைக்குப் போகின்றன. அந்தத் தீர்ப்பு பல நேரம் தவறு. சரியாகவே இருந்தாலும், டைனமோ மாற்றுவதுபோலப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்துவிடாது. இரண்டையும் தெரிந்துகொண்டால், கையைக் கடிக்கும் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஜீப்புக்குள் கம்ப்யூட்டர் வந்த கதை

1940-களின் இறுதியில் மஹிந்திரா நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்பில் மின்சார வேலை என்று பார்த்தால் பற்றவைப்பும் விளக்கும் ஹாரனும்தான். பிறகு வந்த டீசல் ஜீப்புகளில் டீசல் பம்ப் முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும். எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்பதைப் பம்பே முடிவு செய்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் மரத்தடியில் வைத்தே சரிசெய்துவிடுவார்.

உலகத்தில் வேறு காற்று 1979-லேயே வீசத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு பாஷ் நிறுவனம் ‘மோட்ரானிக்’ என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டை பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பொருத்தியது. டீசல் கார்களுக்கு ‘காமன் ரெயில்’ முறை 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் வந்தது. நம் ஊரில் ஸ்கார்பியோ 2002-ல் அறிமுகமானபோது அதன் டீசல் இன்ஜின் பழைய பாணிதான், சி.ஆர்.டி.இ. என்ற எழுத்துகள் சில வருடம் கழித்தே பின்கதவில் ஏறின. 2010-ல் வந்த தார் இரண்டு விதமாகவும் கிடைத்தது: கம்ப்யூட்டர் இல்லாத டி.ஐ., கம்ப்யூட்டர் உள்ள சி.ஆர்.டி.இ. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, முதல் வகைக்கு இடமில்லாமல் போனது. பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது.

அந்தச் சி.ஆர்.டி.இ. வண்டிகள்தான் இப்போது முதுமைக்கு வந்திருக்கின்றன.

பெட்டி செய்யும் வேலை

மெக்கானிக்குகள் ‘ஈ.சி.எம்.’ என்பார்கள், சிலர் ‘ஈ.சி.யு.’ என்பார்கள். ஒரு தடித்த நோட்டுப் புத்தக அளவுக்கு அலுமினியப் பெட்டி. காமன் ரெயில் குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்தான். அந்த டீசலை எப்போது, எவ்வளவு நேரம் சிலிண்டருக்குள் விடுவது என்று இந்தப் பெட்டி சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் வினாடிக்கு 100 முறை அந்த முடிவை எடுக்க வேண்டும். பெட்டி நின்றால் இன்ஜினில் ஒரு நட்டும் கெடாமலே வண்டி நின்றுவிடும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது யாரை?

பெட்டியை அல்ல. அதற்குப் போகும் மின்சாரத்தை.

சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பெட்டிக்குக் கரன்ட் போகாமல் இருக்கலாம். ஃப்யூஸ், மெயின் ரிலே இரண்டும் சில நூறு ரூபாய் சமாசாரம். அடுத்தது எர்த். பேட்டரியின் நெகட்டிவில் மல்டிமீட்டரின் ஒரு முனை, பெட்டியின் எர்த் பின்னில் மறுமுனை. செல்ஃப் அடிக்கும்போது இடையில் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக்கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் சேஸிஸில் எர்த் வயர் பூட்டிய இடம் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முறுக்கினால் தீர்ந்துவிடும் வேலைக்குப் புதுப் பெட்டி வாங்கியவர்கள் உண்டு.

இன்னொரு கள்ளன் 5 வோல்ட் லைன். பெட்டி தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. பல சென்சார்கள் ஒரே லைனைப் பங்குபோடும். அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். ஒரு வீட்டில் ஷார்ட் ஆனதற்குத் தெருவே இருட்டாகிற மாதிரி. ஸ்கேனரில் பத்துப் பிழைகள் ஒரேயடியாகக் கொட்டும். பார்ப்பவர் பெட்டிதான் செத்தது என்பார். அந்த லைனில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, சாவி ஆனில் இருக்க, சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், குற்றவாளி கழன்ற நொடியில் முள் 5-க்கு எழும்பும். ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பிளக்கில் கை வைக்கக்கூடாது. அங்கே 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு பாய்கிறது.

செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். அந்தச் சின்னப் பொருள் செத்தாலும் நோய் இதே மாதிரிதான் இருக்கும்.

நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும் வீடுகளில் எலியையும் மறக்க முடியாது. கூடவே ஈரம். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் அது உள்ளே, கால்மிதிப் பக்கம் சொட்டும். கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். செம்பு அரித்தால் வரும் பச்சை அது. இதில் ஒரு வேடிக்கை: உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே பெயர்பெற்ற ‘சிக்ரி’, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பக்கத்தில் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். நம் வண்டியின் அரிப்புக்கு அங்கே போக வேண்டாம். கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டினாலே பல வண்டிகள் உயிர்பெறும்.

உண்மையிலேயே பெட்டி போனால்?

மின்சாரம் சரி, எர்த் சரி, சென்சார் சரி; ஆனாலும் ஸ்கேனரோடு பெட்டி பேசவே இல்லை. அல்லது பி0606 என்று பிராசஸர் கோளாறைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம். சிலவற்றைத் திறந்து பழுது பார்க்க முடியும். 90-களின் மிட்சுபிஷி பெட்ரோல் வண்டிகளில் போர்டில் உள்ள கப்பாசிட்டர்கள் கசிவது பேர்போன வியாதி. மூடியைத் திறந்தால் கருவாட்டு வாடையே அடிக்கும். கப்பாசிட்டரை மாற்றி, அரித்த தடத்தைச் சரிசெய்தால் போதும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் அதே மாடல் வண்டியின் பெட்டி கிடைக்கும். பார்க்க அச்சு அசல். மாட்டினால் இன்ஜின் இரண்டு வினாடி ஓடி அணையும், அல்லது திரும்பிக்கூடப் பார்க்காது. காரணம், இம்மொபிலைசர். உங்கள் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதன் அடையாளம் பழைய பெட்டியின் நினைவில் பதிந்திருக்கிறது. புதிதாக வந்த பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியம்.

இதோடு போகாது. பல காமன் ரெயில் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். தயாரிப்பில் ஒன்றுக்கொன்று உள்ள நூலிழை வித்தியாசத்தை அது சொல்கிறது. அந்தக் குறியீடும் பெட்டிக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் வண்டி ஓடும். ஆனால் ஐடிலில் உதறும், புகை கக்கும்.

ஆகவே, பழைய பெட்டியை ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். போர்டு செத்திருந்தாலும் அதன் நினைவுச் சிப் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதில் உள்ளதை அப்படியே எடுத்து இன்னொரு பெட்டியில் எழுதுவதற்கு ‘குளோனிங்’ என்று பெயர். ஒழுங்காகச் செய்தால் உங்கள் பழைய சாவியே வேலை செய்யும், இன்ஜெக்டர் குறியீடும் கூடவே வந்துவிடும். இதற்கு வாங்கும் பெட்டியின் எண் பழையதோடு பொருந்த வேண்டும். பாஷ் டீசல் பெட்டிகளில் 0 281 என்று தொடங்கும் பத்து இலக்க எண் ஒட்டியிருக்கும். வண்டிப் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் காட்டி வாங்குவதே சரி. பில்லும் கட்டாயம் வேண்டும். திருட்டு வண்டியின் பெட்டி உங்கள் ஜீப்பில் இருந்தால் வம்பு உங்களுக்குத்தான்.

‘இம்மோவை ஆஃப் பண்ணித் தர்றேன், எந்தப் பெட்டியும் ஓடும்’ என்று சிலர் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் சிப் இல்லாத நகல் சாவியாலும் ஓடும். வண்டி திருடுபோனால் இன்ஷூரன்ஸ்காரரிடம் அதை விளக்குவது எளிதல்ல. ‘கூடவே பவரையும் ஏத்திடலாம்’ என்பதையும் தட்டிக்கழிப்பது நல்லது. பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது புகையும் பார்க்கப்படும். அந்தப் புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது.

பெட்டியைக் கொல்லும் பழைய பழக்கங்கள்

டைனமோ சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது பழைய ஜீப் காலத்து வித்தை. சி.ஆர்.டி.இ. வண்டியில் அதைச் செய்தால் லைனில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். பெட்டி அந்த நொடியிலேயே போகலாம். பேட்டரி இறங்கினால் பக்கத்து லாரியிலிருந்து வயர் போடுவதும் அப்படித்தான். லாரி 24 வோல்ட், ஜீப் 12. டிராக்டர் பெரும்பாலும் 12 என்பதால் பரவாயில்லை. ஆனாலும் பேட்டரியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வயரை எடுங்கள். இன்ஜினைப் பளபளப்பாக்க வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரை பானெட்டுக்குள் நேராக அடிக்கவிட வேண்டாம்.

அப்புறம் வெல்டிங். கேரியர், பம்பர், உடைந்த பிராக்கெட் என்று பழைய ஜீப்புக்கு வெல்டிங் ஓயாது. பட்டறைக்குப் போனதும் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றி, பெட்டியின் கனெக்டரையும் உருவிவிட்டு, வெல்டிங் எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. வெல்டர் முகம் சுளித்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூடவே நில்லுங்கள்.