அண்ணாமலைக் கல்லும் எழும்பூர்க் கண்ணாடியும்

திருவண்ணாமலை முதல் யுகத்தில் அக்கினியாகவும், அடுத்து மாணிக்கமாகவும், பின்னர்ப் பொன்னாகவும் விளங்கி, கலியில் கல்லாகி நிற்கிறது என்பது தலபுராணம். பக்தர்களுக்கு இவ்விவரம் போதும். ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலத்தில், காலில் குத்திய கல்லைக் கையிலெடுத்து, "இது என்ன கல்?" என்று கேட்கும் சிறுவனுக்கு யார் விடை சொல்வது?

அவ்வட்டாரத்தில் வரிவரியான நைஸ் பாறையும், சார்னோகைட் என்னும் கரும்பாறையும் மிகுதி. இப்பெயரின் கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னாக் என்ற கம்பெனி வர்த்தகரின் சமாதிக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1893-இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டிவிட்டார். நம் நாட்டுக் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்த வெள்ளையர் பெயர்! திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலோ இரும்புத் தாது இருக்கிறது. அதை வெட்டலாமா, கூடாதா என்று ஊரே வாதாடியது. வாதாடியவர்களில் அத்தாதுவைத் தூய மாதிரியாகப் பெயர்ச்சீட்டுடன் கண்டவர் எத்தனை பேர்?

கல்லைக் கற்றுக்கொள்ள எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்குத்தான் வரவேண்டும். சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்று செல்லமாக அழைத்த அந்நிலையம் 1851-இல் தோன்றியபோது அதன் முதல் செல்வமே கற்கள்தாம். எல்லோராலும் அங்கே வர இயலாது. ஆகவே கற்களைப் படமாகவேனும் ஊர்களுக்கு அனுப்பவேண்டும் என்பது நம் கட்சி. சாதாரணப் படம் உதவாது. கண்ணாடியில் ஜன்னலும் நம் முகமும் தெரியும், கல் தெரியாது.

நாம் வேண்டுவது, பல படங்களை ஒட்டி ஒன்றாக்கிய அகலப் படம். இது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை சர்க்காரின் படப்பிடிப்பாளரான காப்டன் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டினார். அதே ஆண்டில் சென்னைப் பொருட்காட்சிசாலையிலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் படம் பிடித்தார். ஆங்கிலேயர்தாம், ஆயினும் பொறுமைக்கு ஜாதியில்லை.

கல்வெட்டுச் சுவர் தட்டையானது. ஆதலால் காமிராவைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போகலாம். கனிமப் பெட்டி அப்படியன்று. அதில் முன்வரிசைக் கல்லும் பின்வரிசைக் கல்லும் உண்டு. காமிரா நகர்ந்தால் முன்கல் பின்கல்லை ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறாக மறைக்கும்; ஒட்டினால் கல் இரண்டாகப் பிளந்து தோன்றும். எனவே காமிராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயில் அசையாத அச்சாகும்படி திருப்பவேண்டும். ஒரு படத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் விழவேண்டும். 2 கோடி 40 லட்சம் புள்ளிகள் பதிக்கும் காமிராவால் வரிசைக்குப் பத்தாக மூன்று வரிசை எடுத்தால், ஒட்டிய படத்தில் சுமார் 39 கோடிப் புள்ளிகள் கிடைக்கும். அப்ரகத்தின் ஏடுகளை எண்ணலாம்!

முன்கல்லும் பின்கல்லும் ஒருங்கே தெளியவேண்டுமென்று லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்குவோர் உண்டு. அது வீண், துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி எல்லாமே மங்கும். ஒவ்வொரு நிலையிலும் தெளிவுத் தூரத்தை மாற்றி நாலைந்து படம் எடுத்து, கணினியால் இணைப்பதே வழி. வெளிச்ச அளவையும் நிறச் சமனையும் முதற்படத்தில் வைத்தபடியே இறுதிவரை வைக்கவேண்டும். நிறம் மாறினால் கனிமத்தின் அடையாளமே மாறிவிடும்.

கண்ணாடியின் பளபளப்புக்குப் போலரைசர் வடிகட்டியை நம்புகிறார்கள். பார்வை சுமார் 56 பாகை சாய்ந்திருந்தால் அது நன்கு உதவும். நேருக்கு நேர் நின்றால் பயனில்லை. அங்கே ஒரு முழக் கறுப்புத் துணியே சிறந்த கருவி. நடுவில் லென்ஸ் நுழையுமளவு துளையிட்டுக் காமிராவின் முன் பிடித்தால் ஜன்னலும் முகமும் மறைந்துவிடும்.

முக்காலிக்கு முன்கூட்டியே அனுமதி பெறுவது நலம். கல்லருகே உள்ள பெயர்ச்சீட்டும் அளவுகோலும் படத்தில் தெளிவாக விழுந்தனவா என்று பெட்டியை விட்டு நகருமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டிலுள்ள பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமானால், திருவண்ணாமலைப் பள்ளிக்குப் போகும் படத்தில் அதன் கீழே தமிழிலும் எழுதி அனுப்பலாம்.