ஆன்லைன் கையெழுத்து எப்போது வேலை செய்யும்?

ஏரியைக் காப்பாற்ற, மரம் வெட்டுவதைத் தடுக்க, எங்கோ ஒரு மாநிலத்தில் சுரங்கத்தை நிறுத்த என்று மனுக்கள் செல்போனில் வந்தபடியே இருக்கின்றன. துறையூரைத் தாண்டி, பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே இருக்கும் உப்பிலியபுரத்து வாட்ஸ்அப் குரூப்புகளும் இதற்கு விதிவிலக்கல்ல. பெயர், செல் நம்பர், ஈமெயில் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் நாமும் போராட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்கிறார்கள். உண்மையில் அந்தக் கையெழுத்து எங்கே போகிறது? அதை யார் கையாள்கிறார்கள்? பலன் ஏதும் உண்டா?

எங்கே தொடங்கியது?

1998-ல் அமெரிக்காவில் அதிபர் கிளின்டன் மீதான பதவிநீக்க விவகாரம் உச்சத்தில் இருந்தபோது, வெஸ் பாய்ட், ஜோன் பிளேட்ஸ் என்ற சாஃப்ட்வேர் தொழில்முனைவோர் தம்பதி இணையத்தில் ஒரு வரி மனுவைப் போட்டார்கள். 'அதிபரைக் கண்டித்துவிட்டு, நாட்டின் மற்ற வேலைகளைப் பாருங்கள்' என்பதுதான் அதன் சாரம். ஒரு வாரத்திலேயே லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அதுவே 'மூவ்ஆன்' என்ற அமைப்பாக வளர்ந்தது. அதே பாணியில் ஆஸ்திரேலியாவில் 2005-ல் 'கெட்அப்', உலக அளவில் 2007-ல் 'ஆவாஸ்', பிரிட்டனில் 2009-ல் '38 டிகிரீஸ்' ஆகியவை வந்தன.

இந்தியாவில் 2012-ல் தீபா குப்தா தொடங்கிய 'ஜட்கா' இந்த வகையைச் சேர்ந்தது. சுற்றுச்சூழல், பெண்ணுரிமை, அரசின் பொறுப்புடைமை போன்ற முற்போக்குக் கோரிக்கைகளை எடுத்து நடத்தும், லாப நோக்கமில்லாத அமைப்பு. யார் வேண்டுமானாலும் மனு தொடங்கக்கூடிய 'சேஞ்ச்.ஆர்க்' போன்ற தளங்களிலிருந்து இது வேறுபடும். எந்தப் பிரச்சினையை எடுப்பது, அழுத்தத்தை யார் மீது செலுத்துவது, எந்த நாளில் செலுத்துவது என்று ஊழியர்கள் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள்.

இயங்கும் விதம்

இந்த அமைப்புகளின் மூலதனம் கட்டடமோ கிளைகளோ இல்லை, தொடர்புப் பட்டியல்தான். ஒருமுறை கையெழுத்திட்டவருக்கு அடுத்த பிரச்சினை பற்றியும் தகவல் போகும். முதலில் கையெழுத்துதான் கேட்பார்கள். பிறகு அதிகாரிக்கு ஒரு மெயில், எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஒரு போன், கடைசியாகத் தெருவுக்கு வரச் சொல்லும் அழைப்பு. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களைச் சேர்க்க மிஸ்டு கால் கைகொடுத்தது. காசு செலவில்லை, எழுதப் படிக்க வேண்டியதில்லை, அழைத்தவரின் நம்பர் பட்டியலில் ஏறிவிடும். 2011-ல் அண்ணா ஹசாரேவின் ஊழல் எதிர்ப்பு இயக்கம் பெரிய அளவில் பயன்படுத்திய உத்தி இது. பிறகு கட்சிகளும் இதை எடுத்துக்கொண்டன.

கொடைக்கானலில் நடந்தது

இப்படிப்பட்ட இயக்கத்துக்கு நம் ஊர்ப்பக்கத்து உதாரணம் கொடைக்கானல். அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று 1980-களின் தொடக்கத்தில் அங்கே பாண்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில் வந்தது. பிற்பாடு அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு மாறியது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களின் உடல்நலக் கோரிக்கை அப்படியே நின்றது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், ஆண்டுகள் ஓடின.

2015 ஜூலை 30 அன்று சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' ராப் வீடியோ யூடியூபில் வந்தது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டில், இந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனமான யூனிலீவரை நேராகக் கேள்வி கேட்ட பாட்டு அது. மினாஜே அதைப் பகிர்ந்தார். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பார்த்தவர்களை ஜட்கா தன் மனுவுக்குத் திருப்பியது. யூனிலீவர் தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மனின் பெயர் சொல்லிக் கேட்கப்பட்ட கேள்விக்கு அவரே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்புடன் நிறுவனம் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்பதுதான் நிறுவனத்தின் நிலைப்பாடு.

பாட்டு ஜெயித்தது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. 15 ஆண்டுகளாக ஆவணங்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு தொழிலாளர் சங்கமும், நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கும் அடியில் இருந்தன. வீடியோவும் மனுவும் அந்த வழக்குக்கு உலகத்தைச் சாட்சியாக அழைத்து வந்தன. அடியில் ஏதும் இல்லாத மனுவுக்கு இந்தப் பலம் கிடைக்காது. அதோடு, இழப்பீடு பேசி முடிந்த பிறகும் மண்ணைச் சுத்தம் செய்யும் தகராறு முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை எதிர்த்து 2018-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய இன்னொரு வீடியோ வந்தது.

பத்து லட்சம் மெயில்

எண்ணிக்கை மட்டும் போதுமா என்பதற்கு 2015-ல் நல்ல பாடம் கிடைத்தது. எல்லா இணையதளங்களையும் ஒரேபோல் நடத்த வேண்டும் என்ற இணையச் சமவாய்ப்பு பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 118 பக்க ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, 20 கேள்விகளுக்குப் பதில் கேட்டது. தன்னார்வலர்கள் அந்த அறிக்கையை எளிய மொழியில் சுருக்கி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாரித்து, ஒரே கிளிக்கில் அனுப்ப வழி செய்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில்கள் குவிந்தன.

ஆண்டு இறுதியில், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாக ஃபேஸ்புக்கும் பயனாளர்களிடமிருந்து லட்சக்கணக்கான மெயில்களை டிராய்க்கு அனுப்ப வைத்தது. கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லை, இது ஏற்பாடு செய்த கருத்துக்கணிப்பு போல இருக்கிறது என்று டிராய் கடுமையாகவே எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, சில இணையதளங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைப்பதைத் தடை செய்து உத்தரவு வந்தது. கூட்டம் இரண்டு பக்கமும் இருந்தது. எடுபட்டது, கேள்விக்குப் பதில் சொன்ன பக்கம். அந்தத் தன்னார்வலர் குழுவிலிருந்துதான் 'இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன்' 2016-ல் உருவாகி, டிஜிட்டல் உரிமை வழக்குகளை இன்றுவரை நடத்துகிறது.

பணமும் கெடுபிடியும்

லாப நோக்கமில்லை என்றாலும் சம்பளம், சர்வர், வழக்குச் செலவு உண்டு. வெளிநாட்டுப் பணம் வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம், வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. பெரிய அமைப்பிடம் பணம் வாங்கி ஊர் மட்டத்தில் வேலை செய்த சிறு குழுக்களுக்கு இது பெரிய அடி. அதனால் மாதம் நூறு, இருநூறு என உள்நாட்டு நன்கொடையை நம்பும் வழிக்குப் பலரும் திரும்பினார்கள்.

கெடுபிடி பணத்தோடு நிற்பதில்லை. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கைக்கு எதிராக மெயில் இயக்கம் நடத்திய 'லெட் இந்தியா பிரீத்' உள்ளிட்ட இளைஞர் அமைப்புகளின் தளங்கள் முடங்கின. 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர்' குழுவுக்குப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டப் பிரிவைக் காட்டி டெல்லி போலீஸ் நோட்டீஸ் அனுப்பியது. தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டோம் என்று பிறகு அதைத் திரும்பப் பெற்றது. அதே விவகாரத்தில் வரைவை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. சட்ட வரைவு தமிழில் வராதவரை, பச்சைமலையில் இருப்பவருக்கு ஆட்சேபணை சொல்லும் உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

நம் ஊரில் இதைப் பயன்படுத்துவது எப்படி?

உப்பிலியபுரம் பேரூராட்சி. கிராம சபை இங்கே கூடாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஏரியா சபை உண்டு. சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். முதல்வர் உதவி மையத்துக்கு 1100. தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆன்லைன் மனு இவற்றுக்கு மாற்று ஆகாது. கூடுதல் பலம் தரலாம். ஆர்.டி.ஐ.-யில் வாங்கிய பதிலும் கிராம சபைத் தீர்மான நகலும் இணைந்த மனுவை அதிகாரி ஒதுக்கி வைப்பது கடினம். 'அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று மட்டும் எழுதிய மனு எந்த மேஜைக்கும் போய்ச் சேராது.

அடுத்த லிங்க் வரும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். மனு எந்த அதிகாரிக்கு அல்லது நிறுவனத்துக்குப் போகிறது என்று பெயர் இருக்கிறதா? முடிவெடுக்கும் தேதி சொல்லியிருக்கிறார்களா? பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்கள் அதில் இருக்கிறார்களா? உங்கள் நம்பரை என்ன செய்வோம் என்று தெரிவித்திருக்கிறார்களா? ஆதாரோ ஓ.டி.பி.யோ கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். நான்குக்கும் பதில் கிடைத்தால் தயங்காமல் கையெழுத்திடலாம். பிறகு அந்த மனு என்ன ஆனது என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. பதில் சொல்லாத அமைப்புக்கு அடுத்த கையெழுத்தைத் தர வேண்டியதில்லை.