தடைக்காலம் கடந்து சினைபிடிக்கும் சங்கரா

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. காசிமேட்டிலும் நாகையிலும் ராமேஸ்வரத்திலும் படகுகள் ஓய்வெடுக்கும். இற்றுப்போன பலகையை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள். 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை 2017-இல் 61 நாளாக நீண்டது. மீன்கள் சினைபிடித்து முட்டையிடும் நேரத்தில் அவற்றை வாரி எடுக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை. கடல் சூடேறச் சூடேற அந்த அடிப்படை ஆட்டம் காண்கிறது.

சங்கரா மீனை எடுத்துக்கொள்வோம். இளஞ்சிவப்பு உடலும் மஞ்சள் கோடுகளுமாகச் சென்னைச் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த மீன். கடலடியை ஒட்டி வாழ்வதால் இழுவைமடியில் சிக்குவது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் சென்னைக் கடலில் பிடிபட்ட சங்கராவின் சினை எந்த மாதத்தில் முதிர்கிறது என்று 1980 முதல் 2004 வரையிலான பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1980-இல் முட்டையிடத் தயாராக இருந்த மீன்களில் சுமார் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் கிடைத்தவை. 2004-இல் அது 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மற்ற 95 சதவீதமும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களில் கிடைத்தவை. தடைக்காலமோ வெப்ப மாதங்களில்தான் இருக்கிறது. சங்கரா முட்டையிடும் மாதங்களில் இழுவைமடிகள் கடலில் இருக்கின்றன.

பெரும்பாலான மீன்களின் உடல் சூடு அவை நீந்தும் நீரின் சூடுதான். நீர் சூடானால் உடல் வேகமாக இயங்கும். தீனியும் பிராணவாயுவும் கூடுதலாக வேண்டும். ஆனால் சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆகவே மீன் தன் காலத்தை மாற்றும், அல்லது இடத்தை மாற்றும். இரண்டும் முடியாதபோது சாகும். சங்கரா காலத்தை மாற்றிக்கொண்டது. இடத்தை மாற்றியது மத்தி.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையோரம் அடிக்கடலின் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வரும். அதில் பெருகும் நுண்பாசிகளைத் தின்று கொழுக்கும் மீன் மத்தி. முன்பு அது பெரும்பாலும் 8 முதல் 14 பாகை வடக்கு அட்சரேகைக்குள், மலபார்க் கரையை ஒட்டியே இருந்தது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து வடக்கே குஜராத் பக்கமும் கிழக்கே தமிழக, ஆந்திரக் கரைகளிலும் பெருகத் தொடங்கியது. நமக்கு இது லாபம் போலத் தோன்றும். அதன் தாய்க்கரையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது; 2021-இல் கிடைத்தது வெறும் 3,297 டன். பிறகு மீன்பாடு மீண்டாலும், 2024-இல் வலையில் வந்தவற்றில் பல வளர்ச்சி குன்றியவை. பழியை வெப்பத்தின் மேல் மட்டும் போட முடியாது. குஞ்சு மத்திகளை அளவின்றிப் பிடித்ததும், எல் நினோ காலத்தில் கடல் மாறியதும் சேர்ந்தே இந்தச் சரிவைத் தந்தன. மேற்கு இந்தியப் பெருங்கடல் கடந்த நூற்றாண்டில் சுமார் 1.2 டிகிரி செல்சியஸ் சூடேறியது. அங்கே நுண்பாசி 60 ஆண்டுகளில் 20 சதவீதம் வரை குறைந்துவிட்டதாக காலநிலை விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான ஆய்வு 2016-இல் காட்டியது. தீனி குறைந்த கடலில் குஞ்சுகளையும் பிடித்தால் மீன்கூட்டம் மீள்வது கடினம்.

மூன்றாவது வழியான சாவு எப்படி நேரும் என்பதை அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடல் காட்டிவிட்டது. அங்குள்ள பனி நண்டுப் பிடிப்பு உலகிலேயே கவனமாக நிர்வகிக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஆண்டுதோறும் கணக்கெடுத்து, அதன்படி இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வகுத்தார்கள். 2018, 2019-இல் கடல் வெப்ப அலை வீசியது. 2020-இல் கொரோனாவால் கணக்கெடுப்பு நடக்கவில்லை. முந்தைய கணக்கை நம்பி அந்தப் பருவத்துக்குச் சுமார் 20,000 டன் அனுமதித்தார்கள். 2021-இல் மறுபடி கணக்கெடுத்தபோது பெரும்பாலான நண்டுகளைக் காணோம். 2022 அக்டோபரில் வரலாற்றிலேயே முதல் முறையாக அந்த நண்டுப் பிடிப்பு மூடப்பட்டது. மறைந்தவை சுமார் 1,000 கோடி நண்டுகள் என்று 2023-இல் வெளியான ஆய்வு சொன்னது. நீர் 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு ஏறினால் நண்டுக்கு இரண்டு மடங்கு தீனி வேண்டும். அது கிடைக்காமல் பட்டினியால் செத்திருக்கின்றன. நண்டு வருவாயை நம்பியிருந்த செயின்ட் பால் தீவு நகரம் நெருக்கடி நிலை அறிவித்தது.

அவ்வளவு கணக்கு வைத்திருந்தவர்களே ஏமாந்தார்கள். இந்த மீனை இத்தனை டன் பிடிக்கலாம் என்ற உச்சவரம்பே இல்லாத நம் கடலில் ஆபத்து இன்னும் பெரியது. கடல் வெப்ப அலைகள் 1982-லிருந்து இரு மடங்கு அடிக்கடி வருகின்றன என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2019-இல் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட கடலை நாம் பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நிர்வகிக்கிறோம்.

இதைக் காட்டித் தடைக்காலத்தை எடுத்துவிடு என்று கேட்பது தவறு. சங்கரா ஒன்றுக்காக எல்லா மீனின் காப்பையும் நீக்க முடியாது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் முட்டையிடும் இனங்கள் உண்டு. இரண்டு மாத ஓய்வு கடலடிக்கும் நல்லது. ஆனால் முக்கியமான ஒவ்வோர் இனமும் இன்று எந்த மாதத்தில் சினைபிடிக்கிறது என்பதை இறங்குதளங்களில் தொடர்ந்து பார்த்து, அதை மீனவர் சங்கங்களுக்கு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். குளிர் மாதங்களில் முட்டையிடும் இனங்களுக்கு, அவை கூடும் இடங்களில் மட்டும் குறுகிய காலத் தடை வகுக்கலாம். அதற்கான நிவாரணத்தைத் தடைக்கு முன்பே கொடுக்க வேண்டும். கேரளம் மத்திக்கு 10 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவு விதித்ததைப் போன்ற விதியை இங்கும் கறாராக நடைமுறைப்படுத்தினால், கோழித்தீவனத்துக்குப் போகும் குஞ்சுகள் வளர்ந்து விலைபோகும்.

இவையெல்லாம் அவகாசம்தான் வாங்கித் தரும். கடலைச் சூடாக்கும் கரியமிலவாயு குறையாவிட்டால் எந்தத் தடையும் ஈடுகொடுக்காது. அந்தப் புகையில் நாட்டுப்படகுக்காரரின் பங்கு மிகச் சிறியது. நட்டத்தில் அவர்தான் முதலில் நிற்கிறார். சங்கராவைப் பற்றிய பதிவு 2004-லேயே கையில் இருந்தது. அதற்குப் பின் தடைக்காலத்தின் நாள்களைக் கூட்டினோம். மாதங்களை மறுபரிசீலனை செய்யவில்லை. அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்பாவது அரசு அந்தக் கணக்கை மேசைக்கு எடுக்க வேண்டும்.