மணிக்கு 4 மைல்!

ஆகாய விமானத்தில் ஏறிக் கண்ணயர்ந்து விழித்தால் வேறு கண்டம் வந்துவிடுகிற காலம் இது. இந்தக் காலத்தில், மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்திருக்கும் ஒரு வாகனத்தில் ஏறுவதற்கு இங்கிலாந்தில் ஜனங்கள் பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏறுகிறார்கள். திங்கட்கிழமை காலையில், இறங்க மனமில்லாமல் இறங்குகிறார்கள்.

அந்த வாகனத்தின் பெயர் 'நாரோ போட்'. ஒல்லிப் படகு என்று சொல்லலாம். நீளம் 70 அடி வரையில் உண்டு. அகலமோ 7 அடிக்கும் சற்றுக் குறைவு! சமையல் அறை, படுக்கை, குளிக்கும் அறை எல்லாம் ரயில் பெட்டியைப் போல் வரிசையாக இருக்கும். ஒருவர் காபி போட எழுந்தால் மற்றவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் இந்த ஒடுக்கம்? நாடு மேடும் பள்ளமுமானது. தண்ணீரோ மேடு ஏறாது. ஆகவே கால்வாயில் ஆங்காங்கே 'லாக்' என்னும் தொட்டிகளைக் கட்டினார்கள். படகு தொட்டிக்குள் புகுந்ததும் பின்கதவை அடைத்து, மேலேயுள்ள தண்ணீரை மதகு வழியாக உள்ளே விடுகிறார்கள். நீர்மட்டத்தோடு படகும் உயர்கிறது. மட்டம் சமமானதும் முன்கதவைத் திறந்து மேல் கால்வாய்க்குப் போய்விடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற இஞ்சினீயர் இந்தத் தொட்டிகளை 7 அடி அகலத்துக்கு அமைத்தார். செலவும் குறைவு, தண்ணீரும் மிச்சம். தொட்டி எவ்வளவோ, படகும் அவ்வளவுதான்!

முதன்முதலாகப் படகு ஓட்டுகிறவர்களுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. உஸ்டர்ஷயரில் டார்டெபிக் என்ற கிராமம். அதன் கீழே 30 லாக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பிரிட்டனிலேயே நீளமான வரிசை இதுதான். ஆனால் கிராமத்திலிருந்து பர்மிங்ஹாம் நகரம் வரை, சுமார் 14 மைலுக்கு, ஒரு லாக்கும் கிடையாது. ஐந்து மணி நேரப் பிரயாணம். லைசென்ஸ் தேவையில்லை, கரையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். பிரேக் கிடையாது. இவ்விரண்டையும் மறக்காமல் இருந்தால் போதும்.

வழியில் நான்கு சுரங்கங்கள். அவற்றில் வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கம் ஒன்றரை மைல் நீளம். அரைமணி நேரம் கும்மிருட்டு! அதைத் தாண்டினால் காட்பரி சாக்லேட் தொழிற்சாலை இருக்கும் போர்ன்வில். கடைசியில் பர்மிங்ஹாம் நகரின் நடுவே காஸ் தெருப் படகுத்துறை. அங்கே 7 அடி அகலத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. தங்கள் தண்ணீர் அடுத்த கம்பெனியின் கால்வாய்க்குப் போய்விடக்கூடாது என்று ஒரு கம்பெனி பிடிவாதம் பிடித்ததன் சின்னம் அது. 1815-ல் தடுப்பில் வழி திறக்கும் வரை, ஒரு படகின் சரக்கையெல்லாம் கூலியாட்கள் தூக்கி அடுத்த படகில் ஏற்ற வேண்டியிருந்தது. தண்ணீர்ச் சண்டை எந்த நாட்டில்தான் இல்லை!

இன்று உல்லாசமாகத் தோன்றும் இந்த ஒடுக்கம் ஒரு காலத்தில் ஏழைகளின் வீடாக இருந்தது. ரயில் வந்து கூலியைக் குறைத்தபின், ஆள் வைத்துக்கொள்ளக் கட்டாமல் படகுக்காரர்கள் மனைவி மக்களையே படகில் ஏற்றிக்கொண்டார்கள். படகின் பெரும்பகுதி நிலக்கரிக்கு. குடும்பத்துக்குப் பின்புறம் 10 அடி நீள அறை. அடுப்பு, படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள்ளேதான். ஓரிடத்தில் நிற்காத படகில் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏது? ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காக வாதாடி, 1877-ல் சட்டம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்தக் குடும்பங்கள் கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப்பூவும் கோட்டையும் வர்ணத்தில் தீட்டி வைத்தன. வாடகைப் படகுகளில் இன்றும் அந்தப் பூக்களைப் பார்க்கலாம்.

லாரிகள் பெருகியதும் கால்வாய்கள் தூர்ந்தன. பலவற்றை மூடிவிடுவதே மேல் என்று எண்ணியவர்கள் உண்டு. அப்போது டாம் ரோல்ட் என்ற இஞ்சினீயர், 'கிரெஸ்ஸி' என்னும் பழைய படகில் தாம் செய்த பிரயாணத்தை 1944-ல் புத்தகமாக வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்ற எழுத்தாளர் அவரைத் தேடி வந்தார். 1946-ல் நண்பர்களோடு சேர்ந்து கால்வாய்ப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். பின்னால் இருவரும் மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தது வேறு விஷயம். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்து, மிஞ்சியிருந்த சரக்குப் போக்குவரத்தும் பெரும்பாலும் முடிந்தது. ஆனால் கால்வாய்கள் சாகவில்லை. 1968-ம் ஆண்டுச் சட்டம் அவற்றில் பலவற்றை உல்லாசப் படகுகளுக்கென்றே காப்பாற்றி வைத்தது. இன்று சுமார் 2,000 மைல் நீர்வழியை ஒரு தர்ம ஸ்தாபனம் பராமரித்து வருகிறது.

ரோல்ட் தம் படகைக் கட்டி வைத்திருந்ததும், ஐக்மன் அவரைச் சந்தித்ததும் அதே டார்டெபிக்கில்தான்! மேல் லாக்குக்கு அருகே அதற்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. படகைத் திருப்பிக் கொடுக்கும் முன் கரையோடு சற்று நடந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வரலாம். நாலு மைல் வேகத்தில் வந்தவர்களுக்கு என்ன அவசரம்?