பனிக்கட்டியின் கடற்பயணம்

1833-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்னும் பாய்மரக் கப்பல் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. அது சுமந்து சென்ற சரக்கு பொன்னும் அன்று, துணியும் அன்று. குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து அறுத்தெடுத்த 180 டன் பனிக்கட்டி! பிரடெரிக் டியூடர் என்னும் வணிகர் அதனை அனுப்பினார். நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறத்தாழ நான்கு திங்கள் கடலில் மிதந்து, செப்டம்பரில் அக்கப்பல் வங்கக் கரையை அடைந்தது. அப்பொழுதும் 100 டன் அளவுக்குப் பனிக்கட்டி எஞ்சியிருந்தது.

மரத்தூள், வைக்கோல் போன்ற வெப்பங்கடத்தாப் பொருள்கள் இவ்வணிகத்திற்குத் துணை புரிந்தன என்பது மெய்யே. ஆயினும் அவை வெப்பத்தின் வரவைத் தாமதப்படுத்துமேயன்றி, அடியோடு தடுத்துவிட மாட்டா. அத்தனை நாளும் வெப்பம் சிறிது சிறிதாக உட்புகுந்துகொண்டே இருந்தது. உட்புகுந்த வெப்பம் எங்கே சென்றது?

இவ்வினாவுக்குரிய விடை அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்காட்லாந்தில் கிடைத்திருந்தது. உருகுநிலையை எய்திய பனிக்கட்டிக்குச் சிறிதளவு வெப்பம் கிடைத்தாலே அது முழுவதும் நீராகிவிடும் என்பது அக்காலத்தார் கொள்கை. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக் இதனை ஐயுற்றார். அக்கொள்கை உண்மையாயின், குளிர்காலம் கழிந்தவுடனே மலைப்பனி முழுவதும் ஒருசேர உருகி, ஊர்களையெல்லாம் வெள்ளத்தில் ஆழ்த்தியிருக்க வேண்டும் அன்றோ? பனியோ பல வாரங்கள் மெல்ல மெல்லவே உருகுகின்றது.

1761-ஆம் ஆண்டளவில் அவர் ஓர் எளிய சோதனை செய்தார். ஒத்த அளவுடைய இரு கண்ணாடிக் குடுவைகளுள் ஒன்றில் பனிக்கட்டியும், மற்றொன்றில் அதே எடையுள்ள குளிர்ந்த நீரும் இருந்தன. இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் வைத்தார். நீர், பாரன்ஹீட் அளவில் 33 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர அரை மணி நேரம் ஆயிற்று. 32 பாகையிலிருந்த பனிக்கட்டி உருகி அதே 40 பாகையை எய்துவதற்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று! அரை மணிக்கு 7 பாகையாகக் கணக்கிட்டால், 147 பாகைக்குரிய வெப்பம் அதனுள் புகுந்திருக்கவேண்டும். வெப்பமானி காட்டிய உயர்வோ 8 பாகைதான். எஞ்சிய 139 பாகைக்குரிய வெப்பம் கட்டியை நீராக்குவதிலேயே செலவாயிற்று. வெப்பமானிக்குத் தென்படாத இவ்வெப்பமே 'உள்ளுறை வெப்பம்' எனப்படுவது. அது மறைகின்றதேயன்றி அழிவதில்லை. அந்நீர் மீண்டும் உறையுங்கால் அத்தனையும் வெளிப்பட்டுவிடும்.

பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, தத்தம் இடத்திலேயே நின்று அதிர்கின்றன. அவற்றின் இயக்கம் விரைவுபட்டால் வெப்பநிலை உயரும். உருகும்பொழுது வந்துசேரும் வெப்பமோ அப்பிணைப்பைத் தளர்த்துவதிலேயே செலவாகின்றது. ஆதலால் வெப்பநிலை உயர்வதில்லை. இக்காலத்து அளவின்படி, ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரைச் சுழியிலிருந்து 80 பாகை சென்டிகிரேடுக்கு உயர்த்திவிடும்.

இனி, டஸ்கனியின் கணக்கு எளிது. அதில் கரைந்துபோனது 80 டன். அதனை உருக்கிய வெப்பம் 180 டன் குளிர்நீரில் புகுந்திருக்குமாயின், அந்நீர் முழுவதும் ஏறத்தாழ 35 பாகைக்குச் சூடேறியிருக்கும். உள்ளுறை வெப்பம் என ஒன்று இல்லாதிருப்பின், டியூடரின் கப்பல் கல்கத்தாவுக்கு வெதுவெதுப்பான நீரையே கொண்டுவந்திருக்கும்!

நீர் ஆவியாகும்போது மறையும் வெப்பம் இன்னும் மிகுதி. கிராம் ஒன்றுக்கு 540 கலோரி. இட்டலிப் பானையில் எழும் ஆவி, மாவின்மீது படிந்து நீராகும்போது அவ்வெப்பத்தை ஒப்படைத்துவிடுகின்றது, இட்டலி வேகின்றது. கொதிநீரைக் காட்டிலும் கொதிக்கும் ஆவி கையைக் கடுமையாகப் புண்படுத்துவதற்கும் காரணம் இதுவே. மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீரோ, ஆவியாவதற்குரிய வெப்பத்தைப் பானையிலிருந்தே கவர்ந்து செல்ல, உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது.

டியூடரின் பனிக்கட்டி பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. அதனைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் எழுப்பப்பெற்ற கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது. அவ்வட்டாரத்தை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யும் பொறிகள் வந்தன. கடல்கடந்த வணிகமும் நின்றது. எளிதில் ஆவியாகும் திரவமொன்றை ஆவியாக்கி, அதற்குரிய உள்ளுறை வெப்பத்தை நீரிலிருந்து பறித்து அதனை உறையச் செய்வதே அப்பொறிகளின் தொழில். கப்பலில் கட்டியைக் காத்து நின்ற உள்ளுறை வெப்பமே, அக்கப்பலுக்கு வேலையில்லாமலும் செய்துவிட்டது.